வானத்துக்கு வைத்த கேமரா

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. கள்ளிக்குப்பத்தில் என் மைத்துனர் குடியிருக்கும் அடுக்ககத்தின் குழுவில், காலை வணக்க ரோஜாக்களுக்கு நடுவே இப்படி ஒன்று: "மொட்டைமாடியில் உருண்டையாக எதையோ வைத்திருப்பவர் உடனே எடுக்கவும்." மைத்துனர் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "உனக்குக் கதைக்கு ஆகும்" என்றார். உண்மை அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நள்ளிரவு. வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பச்சைத் தீப்பிழம்பு—"

வேண்டாம். நள்ளிரவில் நம் நாயகன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். சாப்பிட்டுக் கை கழுவினால் அவனுக்குக் கண் சொருகிவிடும். அதற்காகத்தான் கேமராவே செய்தான். ஆகவே வானத்தைப் பற்றிய இந்தக் கதையில் இரவுக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஏமாற்றமாக இருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

2

நாயகன் திருமுருகன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். யாருடைய கணினியாவது நின்றுபோனால், "ஒருதரம் அணைச்சிட்டுப் போடுங்க" என்று மரியாதையாகச் சொல்லுகிற வேலை.

(இவனை முதலில் வானியல் பேராசிரியராக வைத்திருந்தேன். பேராசிரியர் வாயை மூடவே இல்லை. அனுப்பிவிட்டேன்.)

எரிகற்களைப் பதிவு செய்ய, முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் கேமராவை வீட்டிலேயே மலிவாகச் செய்யலாம் என்று யூடியூபில் பார்த்தான். அன்று பிடித்தது பித்து. மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் உள்ளங்கை அளவில் ஒரு கணினி, ஒரு கேமரா பலகை, ஒரு மீன்கண் லென்ஸ். உடம்புக்கு பிளாஸ்டிக் குழாய், இடுக்குகளுக்கு எம்-சீல். உள்ளே ஈரம் படியாமல் இருக்க, செருப்பு டப்பாவில் வரும் குட்டிப் பொட்டலம். எல்லாம் ஆனது. மேலே கவிழ்க்க ஒரு குமிழ்தான் கிடைக்கவில்லை. பேக்கரி கேக்கின் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தான். வெயிலில் மஞ்சள் பூத்துவிட்டது. கடைசியில், திருடனை ஏமாற்றக் கடைகளில் மாட்டுவார்களே, உள்ளே ஒன்றுமே இல்லாத போலி சிசிடிவி, அதை வாங்கிக் குமிழை மட்டும் கழற்றிப் பொருத்தினான்.

அவன் செய்த தப்பு இதுதான். வானத்தைப் பார்க்கிற சாமானுக்கு, ஊரைப் பார்க்கிற சாமானின் முகத்தை மாட்டிவிட்டான்.

3

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் பச்சையப்பன். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திருமுருகன் கேமராவை வைத்திருந்த மொட்டைமாடிக்கு வந்து குமிழைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா நைனா இது?"

"வானத்தப் பாக்குறதுக்கு சார். எரிகல் விழுந்தாப் பதிவாகும்."

"மேல இன்னா கீது பாக்கறதுக்கு?"

திருமுருகனிடம் பதில் இருந்தது. நீளமான பதில். அவர் காத்திருக்கவில்லை.

"சரி, இர்ந்துட்டுப் போவட்டும். சிசிடிவின்னே சொல்லிக்கிலாம். அப்பதான் ஒரு பயம் இருக்கும்."

அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இவன் தலையாட்டிவிட்டான். திருமுருகனின் மனைவி கோமளா, ஊர்க்கண் படக்கூடாது என்று பக்கத்துக் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். அதன்பின் காலைக் காபியோடு அவன் பார்த்த பதிவுகள்: விமானம், விமானம், வௌவால், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ விட்ட ராக்கெட், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஊஞ்சலாடும் எலுமிச்சம்பழம்.

"பழம் இம்புட்டுத் தெளிவாத் தெரியுதுல்ல," என்றாள் கோமளா. "அப்பக் கேமரா நல்லாத்தான இருக்கு."

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை நகராது.

மீன்கண் லென்ஸுக்கு வானம் மட்டும் தெரியாது. வட்டப் படத்தின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் லுங்கி எல்லாம் தெரியும். லுங்கி ஆடினாலும் கணினி எரிகல் என்று துள்ளும். அதனால் அந்த ஓரத்தை முழுக்கக் கறுப்படித்து, 'இந்தப் பக்கம் எது அசைந்தாலும் கண்டுகொள்ளாதே' என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். கணினியும் சொன்னபடி கேட்கும். ஆனால் மேலே எரிகல் ஒன்று போய்ப் பதிவு ஓடத் தொடங்கினால், அந்த நேரத்தில் ஓரத்தில் இருப்பதும் சேர்ந்துதான் பதிவாகும். கறுப்பு கணினிக்குத்தான், படத்துக்கு இல்லை.

இது திருமுருகனுக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. மாடியையும் அதில் நடமாடுகிற மனிதர்களையும் சுட்டியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கறுப்படித்துவிட்டு, குளிக்கப் போய்விட்டான். மனசாட்சிக்கு இத்தனை சௌகரியமான சாதனத்தை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

5

புரட்டாசியில் ஒரு காலை, முந்தின இரவின் பதிவில் எரிகல் வந்திருந்தது. பச்சை. திருவள்ளூர்ப் பக்கம் தொடங்கி, தலைக்கு மேலே வந்து, இரண்டாக உடைந்து அணைந்தது. திருமுருகன் டம்ளரைக் கீழே வைத்தான். காபி ஆடை கட்டியது. திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அப்படி ஓடவிட்டதில்தான் ஓரத்தைப் பார்த்தான்.

தண்ணீர்த் தொட்டியின் அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையை நீட்டி மேலே காட்டுகிறார். வெளிச்சத்தில் இரண்டு முகங்களும் நிமிர்ந்தன. பெரிதாக்கினான். ஒன்று, மூன்றாவது மாடி விஜி. தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை. புருஷனைப் பிரிந்து, அம்மாவோடு வாடகைக்கு வந்தவள். இந்தக் காரணத்துக்காகவே சங்கம் அவளுக்குக் காலை வணக்கம் வைப்பதில்லை.

இன்னொருவர்,

(யாரென்று எனக்குத் தெரியும். ஒரு வரைவில் செயலாளரின் மகன் என்று எழுதினேன். சினிமா வாடை அடித்தது. இப்போது அது வேறொருவர். சொல்லப்போவதில்லை.)

6

அன்று சாயங்காலமே விஜி கதவைத் தட்டினாள்.

"அண்ணா, நேத்து பச்சையா ஒண்ணு போச்சே, உங்க டப்பாவுல வந்துகீதா?"

"இன்னும் பாக்கலம்மா," என்றான் திருமுருகன்.

"நான் பாத்தேன். அப்டியே ரெண்டா ஒடஞ்சிச்சு. சொன்னா எங்கம்மா நம்பவே மாட்டேங்குது. இருந்தா எனக்கு அனுப்புங்கண்ணா."

அவள் போனபின் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை நாளில் அவன் தன் கண்ணால் ஒரு எரிகல்லைக்கூடப் பார்த்ததில்லை. அவன் கறுப்படித்துத் தள்ளிய ஓரத்தில் இருந்தவள் பார்த்திருக்கிறாள். உடனே வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் பச்சையப்பன் பிடித்துக்கொண்டார். "மாடில ராத்திரி ஆளுங்க ஒக்காந்துகினு கீறாங்கன்னு கம்ப்ளெய்ண்ட். அந்த மூணாவது மாடிப் பொண்ணுதான், வேற யாரு? ஞாய்த்துக்கெழம மீட்டிங்ல எல்லாத்தயும் போட்டுக் காமி. ஓனராண்ட பேசி ஊட்டக் காலி பண்ண வச்சிடலாம்."

"அது வானத்துக்கு வெச்சது சார்."

"அப்ப வானத்துலயே போய் வெச்சிக்கோ. மாடிய உடு."

டிசம்பரில் எரிகல் மழை வரும். அதற்காகவே கட்டிய கேமரா. (டிசம்பரில் சென்னைக்குப் புயல்தான் வரும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.) காட்டினால் விஜிக்கு வீடு போகும். காட்டாவிட்டால் இவனுக்கு வானம் போகும்.

சாப்பிடும்போது கோமளாவிடம் சொன்னான். அவள் கொதித்துப்போனாள். "அவ மாடியில ஒக்காந்தா இவுகளுக்கு என்ன வந்துச்சு? வாடகை குடுக்காள்ல?" தட்டில் ரசம் ஊற்றினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

"ஆமா, கூட இருந்தது யாருங்க?"

7

முடிவுகள் பல எழுதிப் பார்த்தேன்.

திருமுருகன் பதிவை அழித்துவிடுகிறான். 'அழிக்கிற அளவுக்கு என்னவோ இருந்திருக்கு' என்று கூட்டம் முடிவு கட்டுகிறது. விஜி எப்படியும் காலி செய்கிறாள்.

ஓரத்தை வெட்டிவிட்டு எரிகல்லை மட்டும் காட்டுகிறான். "ஓரத்த ஏன் வெட்னே?" என்கிறார் பச்சையப்பன். வெட்டிய இடத்தில் ஆளுக்கொரு படம் ஓட்டுகிறார்கள், நடந்ததைவிட மோசமாக.

சனிக்கிழமை பெய்த மழையில் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்து, கணினியோடு— இல்லை. பதில் தெரியாத கதாசிரியர்கள்தான் மழையைக் கூப்பிடுவார்கள்.

விஜி எழுந்து பெண் விடுதலை பற்றி இரண்டு பக்கம் பேசுகிறாள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அவளிடம் காட்டினால், "இவ்ளோ பேசிகினு இருந்தா நான் எப்ப ஷிஃப்டுக்குப் போறது?" என்பாள்.

எனவே நான் நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கும் வராத வீடுகள்கூட வந்திருக்கின்றன. தூணோரம் விஜி, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு. எரிகல்லைக் காட்டப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள், அது உங்களுக்கு. கோமளா கேட்டதை ஐந்தாவது பகுதியிலேயே நீங்களும் கேட்டீர்கள்.

திருமுருகன் லேப்டாப்பைத் திறந்து படத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். நடுவில் பச்சைக் கோடு. ஓரத்தில் மிளகளவு இரண்டு உருவங்கள். இந்தத் தொலைவிலிருந்து யாருக்கும் ஒன்றும் புரியாது. விரலைச் சுட்டியின் மேல் வைத்துக்கொண்டு, செயலாளரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக் கேட்கிறான்:

"எந்தப் பக்கத்தப் பெருசாக்கட்டும் சார்?"