கல்லுப்பு போட்டுத் துடைத்த தரை

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றில், ஸ்ம்ருதி என்ற ஐந்து வயதுப் பெண் ஹால் தரையில் வேர்விட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் லாரி வந்துபோன கையோடு. முதலில் பார்த்தது வீடு துடைக்கும் கன்னியம்மாதான். "பாப்பா, கால தூக்கு" என்று வழக்கம்போலச் சொன்னாள். பாப்பா தூக்கவில்லை. குனிந்து பார்த்தவள், "அக்கா, ஓடியாக்கா! பாப்பா காலு கல்லோட ஒட்டிகினு கீது!" என்று கத்தினாள்.

ஸ்ம்ருதியின் அப்பா தயாளன் ஆசைப்பட்டுப் போட்ட தரை அது. கருப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். பூவல்ல, காம்பு ஊன்றிக் கடலடியில் நின்ற பிராணி, நட்சத்திரமீனுக்குப் பங்காளி, செத்துக் கல்லாகிப் பல கோடி வருஷமாகிறது என்று, கல்லூரியில் நிலவியல் நடத்தும் எதிர்வீட்டு ஜெபகுமார் கிரகப்பிரவேசத்தன்றே சொன்னார். யார் காதில் வாங்கினார்கள்? தயாளனின் மனைவி கோகிலவாணிக்கு வேறு கவலை. வெகுகாலம் தவம் கிடந்து பெற்ற ஒரே பெண், ஊர்க்கண் படக்கூடாது. மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டுத் துடைப்பார்கள். இவள் பாதிப் பாக்கெட்டைக் கொட்டுவாள். பெற்ற மனசு அளவு பார்க்குமா? செத்துக் கிடந்தவை வாராவாரம் அந்த உப்பைக் குடித்து, கடல் திரும்பிவிட்டதென்று நம்பி எழுந்துவிட்டன. வெறுங்காலோடு அங்கேயே விளையாடிய குழந்தையையும் தங்களோடு சேர்த்துக்கொண்டன.

தயாளன் சுத்தியலால் கல்லில் ஒரு போடு போட்டார்; குழந்தையின் மூக்கில் ரத்தம் வந்தது. சுத்தியல் பரணுக்குப் போயிற்று. குரோம்பேட்டை டாக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார், கல் சத்தம் கேட்டது, ஃபீஸ் வாங்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லோரும் வீட்டுக்குள் செருப்போடு நடந்தார்கள். உப்பை நிறுத்தினால் பிடி விடும் என்று கோகிலவாணி வெறும் தண்ணீரால் துடைக்கச் சொன்னாள். பூக்கள் சுருண்டன. கூடவே குழந்தையின் உதடும் வெடித்தது. "அம்மா, உப்பு" என்றது. கடைசியாக அது பேசியது அதுதான். பெற்றவள் தன் கையாலேயே உப்பைக் கரைத்து ஊற்றினாள்.

ஸ்ம்ருதி மெலிந்து நீண்டாள். விரல்கள் இறகுகளாகப் பிரிந்து, சாயங்காலம் கடற்காற்று வரும் பால்கனிப் பக்கம் விரிந்தன. முகம் எது என்று அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. கீழ்வீட்டுக் கூரையில் உப்புப் பூத்ததைப் பற்றி அசோசியேஷனுக்குப் போன புகாரும், அவர்கள் நேரில் வந்து பார்த்ததோடு அடங்கியது. தயாளன் ஆபீஸ் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கோகிலவாணிக்கு இருந்த பயம் ஒன்றே: தான் செத்துப்போனால் பிள்ளை தனியாக நிற்குமே. ஆடி வெள்ளியன்று செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரத்தில் மகள் பக்கத்தில் போய் நின்றாள். மறுவாரம் கன்னியம்மா தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வந்தாள். "கொஞ்சம் கால தூக்குக்கா" என்றாள் பழக்கத்தில். அக்காவின் காலும் கல்லோடு ஒட்டியிருந்தது. வாளியில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டு, இருவரையும் சுற்றித் துடைத்தாள்.