மழைக்கோட்டுக்குள் ஒரு முகம்

ஒரே சரக்கு இரண்டு அலமாரியில் கிடந்தால் கிடங்குக்காரருக்குச் சோறு இறங்காது. டயர் கிடங்கில் வேலை பார்த்துப் பார்த்து ஊறிய பழக்கம் அது. கணினியில் மூட்டையாகக் கிடந்த குடும்பப் போட்டோக்களை முகம் பார்த்துப் பிரிக்கிற மென்பொருள் ஒன்றை மகள் போட்டுக் கொடுத்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

அது ஒவ்வொருவருக்கும் ஓர் ஆல்பம் போட்டது. சந்தேகம் வந்தால் இரண்டு முகங்களை அருகருகே வைத்து, "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது. இரண்டை ஒன்றாக்க வழி கிடைத்தால் அவர் விடுவாரா? மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, "ஆம், ஆம்" என்று தட்டிக்கொண்டே போனார். முடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. அவர் மனைவியும் அவர் கூடப்பிறந்த அக்காவும் ஒரே ஆல்பத்தில், அதுவும் மனைவியின் பெயரில்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். பழைய கட்டில் ஒன்று யார் வீட்டுக்குப் போவது என்பதில் ஆரம்பித்தது. அவர் நடையாய் நடந்து, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இன்று மாலை போட்டோ பார்க்க அக்காவை வரச் சம்மதிக்க வைத்திருந்தார். இந்த ஆல்பம் கண்ணில் பட்டால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது.

உட்கார்ந்து பிரித்தார். மென்பொருளையும் குறை சொல்வதற்கில்லை. சிரிக்கிற படங்களில் அவர்கள் வேறு வேறு ஆட்கள்தான். ஒரே போட்டோவில் நிற்க நேர்ந்தால் மட்டும் இருவருக்கும் அதே நெரித்த புருவம், அதே கோணல் உதடு. கடைசியில் ஒரு முகம் மிஞ்சியது. சின்னச் சதுரம்; தலையை மூடிய மழைக்கோட்டு, உள்ளே கடுகடுப்பு. மனைவியா, அக்காவா? தலையைச் சொறிந்தார்.

"யாருங்க இது?" மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"நீதானே?"

"நானா? கண்ணை எங்க கழட்டி வச்சீங்க? இது உங்க அக்கா."

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட அக்கா, திறந்திருந்த கதவருகே நின்று அதைக் கேட்டுவிட்டாள்.

"எதுடா நான்?" உள்ளே வந்து திரையருகே குனிந்தாள். "வட்டி கேக்க வந்தவன் மாதிரி நான் என்னைக்குடா முறைச்சிருக்கேன்? இது உன் பொண்டாட்டி."

"நான் இவ்ளோ மோசமா ஒருநாளும் இருந்ததில்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"எனக்குத் தாடை இவ்ளோ அகலமில்லைன்னு அவகிட்ட சொல்லுடா."

இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டி அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"முழுப் படத்தைத் திறங்க."

"திறடா."

திறந்தார். பேருந்து நிறுத்தம், கொட்டுகிற மழை. இடதுகோடியில் குடையோடு மனைவி, வலதுகோடியில் குடையோடு அக்கா. ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பியிருந்தார்கள். எந்தக் குடைக்குள்ளும் போகத் துணியாமல், மகளின் ரோஸ் நிற மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுவில் நின்றது அவரேதான்.

மீசை வைக்காததற்கு அன்றைக்குத்தான் வருந்தினார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்குத் தோள் குலுங்கியது. அடக்க முடியாமல் திரும்பினாள். "அண்ணி, வட்டி கேக்க வந்தவரைப் பாத்தீங்களா?"

"தன் மூஞ்சியே தெரியலை, இவன் உன் மூஞ்சியைக் கண்டுபிடிக்கிறானாம்," என்றாள் அக்கா, நேராக அவளைப் பார்த்து. "எந்திரிடா. நாங்க பாத்துக்கறோம்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மென்பொருள் சும்மா இருக்கவில்லை; அவர் முகத்தையும் அக்கா முகத்தையும் அருகருகே வைத்து, "இருவரும் ஒருவரா?" என்றது. அவர் கண்ணாடியைத் துடைப்பதற்குள் மனைவி மவுஸைப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, என்ன போடட்டும்?"

"இல்லைன்னு போடும்மா. நான் என்ன பாவம் பண்ணேன்?"