கட்டாத கட்டடத்தோட நிழல்

ஆமா, அந்த நிழலேதான், கட்டடத்துக்கு முன்னாடியே வந்து விழுந்துச்சே, அது. ஊர் முடியுற இடத்துல ஒரு கடைசித் தெரு, தெருவை ஒட்டி ஒரு பெரிய காலி மனை. அந்த மனையில ஒரு செங்கல்கூட வைக்கல, ஒரு குழிகூட தோண்டல. ஆனா ஒரு திங்கட்கிழமை காலையில நாலு மாடிக் கட்டடத்தோட நிழல் அங்கிருந்து கிளம்பி, ரோட்டைத் தாண்டி, ஒரு வீட்டு மொட்டை மாடி மேல போய் உக்காந்துக்கிச்சு. பால்கனிக் கம்பி, மேல தண்ணித் தொட்டி, அதுக்குப் பக்கத்துல சாய்வா சோலார் தகடு, எல்லாமே நிழல்ல தெளிவா தெரிஞ்சுது. தெருக்காரங்க வந்து கீழ பாத்தாங்க, மேல பாத்தாங்க, மேல வெறும் வானம்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வேலைக்குப் போயிட்டாங்க.

அந்த மொட்டை மாடி ஒரு லாண்டரியோடது. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் மேஜைத்துணி, தெரு மொத்தத்தோட போர்வை எல்லாம் அங்கதான் காயும். அந்த வீட்டுலயே லாண்டரி நடத்துறது அக்கா. அந்த மனையில வரப்போற குடியிருப்புக் கட்டடங்களை வரைஞ்சது அவ கூடப் பிறந்த தங்கச்சி. வேற யாராவது வரைஞ்சிருந்தா இது வெறும் அதிசயமா போயிருக்கும். தங்கச்சி வரைஞ்சதால சண்டையாச்சு.

தங்கச்சிக்கு வீடு கட்டி விக்கிற ஒரு கம்பெனியில வேலை, அந்த ஆபீஸ்ல அவளுக்கு ஸ்கேல்னு பேரு, டீ கிளாஸைக்கூட மேஜை ஓரத்துக்கு நேரா வைப்பா, அதனால. அவ தப்பானவ இல்லங்க, அதுதான் இதுல கஷ்டமே. மத்தவங்க மனையை பிஸ்கட் மாதிரி வெட்டி விக்கிறப்போ, இவ மட்டும் இருக்குற ஒரு மரத்தையும் தொடாம, மழைத் தண்ணி ஒரு சொட்டு வீணாகாம, காத்து ஒரு ஜன்னல்ல நுழைஞ்சு இன்னொரு ஜன்னல்ல வெளிய போற மாதிரி, மின்விசிறியே அதிகம் வேண்டாத வீடுங்களா யோசிச்சு யோசிச்சு வரைஞ்சா. ஒரு வீட்டு நிழல் இன்னொரு வீட்டு சோலார் மேல விழக்கூடாதுன்னு கண்ணு எரிய கணக்குப் போட்டா. போட்டது எல்லாம் எல்லைக்கோட்டுக்கு உள்ளதான். அவங்க தொழில்ல மனையைச் சுத்தி ஒரு சிவப்புக் கோடு போடுவாங்க, கோட்டுக்கு வெளிய இருக்குற ஊரை வெள்ளையா விட்ருவாங்க. அந்த வெள்ளையிலதான் அவ அக்கா வீடு இருந்துச்சு. அவ பிறந்து வளர்ந்த வீடும் அதுதான், ஆனா காகிதத்துல அது வெள்ளை. இன்னொண்ணு, படம் அழகா இருக்கணும்னு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே பக்கமா சாய்ச்சு நிழல் போட்டு, சிவப்புக் கோடு வந்ததும் நிழலை வெட்டி விட்டிருந்தா. தரையில அது வெட்டுப்படல. காகிதத்துல போட்ட மாதிரியே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும், சூரியன் எங்க போனாலும் அசையாம ஒரே இடத்துல கிடந்துச்சு.

மூணாவது வாரம் அக்கா ஆபீஸுக்கே வந்துட்டா. ஈர விரிப்பு நிறைஞ்ச கூடையைத் தூக்கி கம்பெனி எம்.டி. மேஜை மேல, அங்க அட்டையில செஞ்சு வச்சிருந்த அழகான மாதிரி வீடுங்க மேலயே கவுத்தா.

"உங்க பசுமை வீடு இதைக் காயவைக்குமா பாருங்க," அப்படின்னா. தங்கச்சி பக்கம் திரும்பி, "ஏன்டி, மரத்துக்கு எல்லாம் கணக்குப் போட்டியாமே. உன் கூடப் பிறந்தவளுக்கு ஒரு புள்ளி வைக்கக்கூட பென்சில்ல கூர் இல்லாம போச்சா?"

"அக்கா, நான் வேணும்னு பண்ணல..."

"வேணும்னு பண்ணியிருந்தாகூட பரவால்ல. அப்பவாச்சும் என்னை நினைச்சிருப்பே."

ஸ்கேல் உடனே உக்காந்து கட்டடத்தைக் கொஞ்சம் கிழக்கால நகத்தி வரைஞ்சா. நிழலும் மரியாதையா நகந்து, பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியார் மேல போய் விழுந்துச்சு. அவர் வீட்டுல பட்டப்பகல்ல விளக்குப் போட வேண்டியதாச்சு. "உங்க குடும்பத்து இருட்டை என் வீட்டுல கொட்டுறீங்களா?"ன்னு அக்கா வாசல்ல வந்து நின்னார். அக்கா, "இத்தனை நாள் நான் இருட்டுல இருந்தப்போ என் வாசலுக்கு வழி தெரியலையா சார் உங்களுக்கு?"ன்னு கேட்டா. ரெண்டு வீட்டுக்கும் இருபது வருஷப் பழக்கம், ஒரே காலையில முடிஞ்சுது. அப்புறம் தெருவே வரிசையா ஆபீஸுக்கு வர ஆரம்பிச்சுது. நிழல் வேண்டாம்னு யாரும் வரல, எதிர் வீட்டுக்குத் தள்ளி விடுங்கன்னுதான் வந்தாங்க.

இந்தப் பக்கம் வீடு புக்கிங் பண்ணவங்க வேற. அவங்க ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்து, காலி மனையில பாய் விரிச்சு, அவங்கவங்க வீட்டு நிழல்லயே உக்காந்து பழகிட்டாங்க. இது எங்க ஹால், நீங்க ஏன் செருப்போட நடக்குறீங்கன்னு அடிதடி வரைக்கும் போச்சு. கட்டடத்தை நகத்தினதும் அவங்க எம்.டி. சட்டையைப் பிடிச்சாங்க. எம்.டி. ஸ்கேலைக் கூப்பிட்டு, பழைய இடத்துக்கே போடு, உன் அக்காவுக்குத் துணி காயவைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்துடலாம்னு சொல்லிட்டார். ஸ்கேல் முடியாதுன்னு சத்தம் போட்டா, அழுதா, ராஜினாமான்னு எழுதி அதை அவளே கிழிச்சா. கடைசியில போட்டா. வாடகை கட்டணும், வேற என்ன.

அந்த வாரமே நகராட்சி வரைபடத்துக்கு முத்திரை குத்திடுச்சு. முத்திரை விழுந்ததும் நிழல் கெட்டியாயிடுச்சு. ஸ்கேல் திருட்டுத்தனமா அழிச்சுப் பாத்தா, காகிதத்துல கட்டடம் போச்சு, மொட்டை மாடியில நிழல் அப்படியே இருந்துச்சு. ஒப்புதல் வாங்கின நிழல் அது, அவ பேச்சை ஏன் கேக்கணும்?

மெஷின் வந்துச்சு. அதுக்கு வந்த கரெண்டு பில்லை அக்கா லாண்டரி வாசல்லயே ஒட்டி வச்சா, மின்சாரம் மிச்சம் பண்ற குடியிருப்புக்கு நன்றின்னு மேல எழுதி. ஓட்டல்காரன் துணியில புழுக்க வாடை வருதுன்னு ஆளை மாத்திட்டான். ஆஸ்பத்திரியும் கடைசியா ஒரு மாசம் பாக்குறோம்னு சொல்லிடுச்சு. வருமானம் பத்தாம அக்கா புருஷன் வாடகை ஆட்டோ ஓட்டப் போயிட்டார். தெருக்காரங்களும் புக்கிங்காரங்களும் ஆளுக்கொரு வக்கீல் வச்சாங்க, கேஸ் வாய்தா மேல வாய்தாவா இழுத்துச்சு. கட்டடம் வரல, நிழல் போகல. ஸ்கேல் மனசு தாங்காம அக்கா வீட்டுக்கு வந்தா அக்கா கதவைத் திறப்பா, தண்ணி கொடுப்பா, பேச மாட்டா. ஒருநாள் மட்டும் பேசினா. "ஆஸ்பத்திரி போச்சுன்னா லாண்டரியை மூடிடுவேன். இதுக்கு மேல நீ வர வேண்டாம், உன்னைப் பாத்தா எனக்கு ஈரத் துணி வாடைதான் வருது."

ஸ்கேல் ஆபீஸுக்குத் திரும்பிப் போய் எல்லாத் தாளையும் கொட்டிப் பாத்தா. குடியிருப்புல வரவேண்டிய பூங்காவோட தாளுக்கு மட்டும் இன்னும் முத்திரை விழல. பூங்காவை எப்பவும் கடைசியாதான் கேப்பாங்க, அதை யாரு பாக்குறா. மனைக்கு நட்ட நடுவுல, நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடம். பெஞ்சு, நடைபாதை, புல்வெளின்னு ஆசை ஆசையா வரைஞ்சு வச்சிருந்ததை எல்லாம் அழிச்சுட்டு, வரிசையா கம்பம் வரைஞ்சா, கம்பத்துக்குக் கம்பம் கயிறு வரைஞ்சா. இந்தத் தடவை சிவப்புக் கோட்டைத் தாண்டி, வெள்ளையில அக்கா வீட்டையும் வரைஞ்சா, வாசற்படி வரைக்கும். படியில இருந்து கயிறு வரைக்கும் ஒரு பாதையும் போட்டா. யாரும் கேக்குறதுக்குள்ள அவளே நகராட்சிக்கு எடுத்துட்டுப் போய் முத்திரை வாங்கிட்டு வந்துட்டா.

மறுநாள் காலையில மனை நடுவுல கம்பங்களோட நிழலும் கயிறுங்களோட நிழலும் மெல்லிசா கோடு கோடா கிடந்துச்சு. கம்பம் இல்ல, கயிறு இல்ல. ஸ்கேல் கூடையைத் தூக்கிட்டு முன்னால போனா, அக்கா பின்னாலயே திட்டிக்கிட்டு வந்தா. "கயிறே இல்லாம என்னத்தைக் கட்டுவே? என்னைக் கோமாளி ஆக்கணும், அதான உனக்கு?" சொல்லிக்கிட்டே கோவத்துல ஒரு விரிப்பை உருவி, நிழல் கோட்டுக்கு நேர் மேல காத்துல வீசி அடிச்சா. விரிப்பு கீழ விழல. ரெண்டு பக்கமும் சமமா மடிஞ்சு, காத்துல தொங்குச்சு. சொட்டு சொட்டா தண்ணி வடிஞ்சுது. அக்கா கிட்ட போய் விரிப்புக்கு அடியில கையை விட்டுப் பாத்தா. அப்புறம் இடுப்புல சொருகியிருந்த கிளிப்பை எடுத்து, இல்லாத கயித்துல மாட்டி, இழுத்துப் பாத்தா. தாங்குச்சு.

"அடுத்த விரிப்பைக் கொடு," அப்படின்னா. விரிப்பை நீவி விட்டுக்கிட்டே, "துணி காயுது, சரி. அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத."

"நினைக்கலக்கா."

ஆஸ்பத்திரி துணி அனுப்புறதை நிறுத்தல. ஓட்டல்காரன்கூட திரும்பி வந்தான், அக்கா அவனுக்கு மட்டும் விலையைக் கூட்டிட்டா. புக்கிங்காரங்க, பூங்கான்னு காசு வாங்கிட்டு அடுத்தவங்க போர்வையைத் தொங்க விடுறீங்களான்னு இன்னொரு கேஸ் போட்டாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா அவங்க பிள்ளைங்களோட ஈரத் துணியையும் அதே கயித்துலதான் போடுறாங்க. வாத்தியார் வீட்டுத் துணியை அக்கா தன் கிளிப்பு படாத கடைசிக் கயித்துக்குத் தள்ளி விட்டிருக்கா. தங்கச்சி தினம் காலையில கூடையோட ஒரு முனையைப் பிடிக்க வர்றா, அக்கா அவகிட்ட துணியைப் பத்தி மட்டும் பேசுறா. ஊர் இதுக்கும் பழகிடுச்சு. காத்து அதிகமா அடிச்சா கயிறு ஆடும், அவ்வளவுதான். இப்ப தீர்ப்பு வரப்போகுது, கட்டடம் நிஜமாவே எழும்பலாம், அப்ப நிஜக் கம்பத்தை எங்க நடுறதுன்னு அங்க ஒரே அடிதடி. நான் கேக்குறேன், நீங்க ஸ்கேலா இருந்தா நிஜக் கயிறு கட்டுவீங்களா, இல்ல இதுவே தாங்குதேன்னு விட்ருவீங்களா?