நாலடி இரண்டு அங்குலம்

மார்ச் இருபத்திரண்டாம் தேதி காலையில், கோவிலம்பாக்கம் ஏழாவது தெருவில் வைத்தீஸ்வரன் வீட்டுத் தரையடித் தொட்டியான சம்ப்புக்குள் ஒரு லாரி ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீரை இறக்கிவிட்டுப் போனது. சம்ப்பின் மட்டம் நாலடி இரண்டு அங்குலத்திலிருந்து ஏறவில்லை. பிறகு நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டு மாடித் தொட்டியை இரண்டு தடவை நிரப்பி வழியவிட்டுப் பார்த்தார்கள். மட்டம் இறங்கவும் இல்லை. வைத்தீஸ்வரன் தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த நெம்புகோலை இழுத்தால் எங்கே தண்டவாளம் திரும்பும், ஏன் திரும்பும், திரும்பாவிட்டால் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூட டூத்பிக்கை அடுக்கி விளக்கக்கூடியவர். காரணம் தெரியாத விஷயம் வீட்டில் இருந்தால் அவரால் உட்கார முடியாது. சிவப்புப் பெயின்ட்டில் அடி, அங்குலம் என்று தமிழில் எழுதிய மூங்கில் கழி ஒன்றைச் செய்துகொண்டு, மணிக்கு ஒரு தடவை அதை விட்டு எடுத்து நோட்டில் குறித்தார். சில நாளில் நோட்டின் நான்கு பக்கங்கள் ஒரே எண்ணால் நிறைந்தன.

பிளம்பர் சம்பத்தைக் கூப்பிட்டார்கள். அவன் டார்ச்சோடு உள்ளே இறங்கி, நான்கு சுவரையும் தரையையும் காலாலும் கையாலும் தடவிவிட்டு நடுங்கிக்கொண்டே ஏறி வந்தான்.

"இன்னா சார் இது, ஓட்டையும் இல்ல, வெடிப்பும் இல்ல. தண்ணி மட்டும் ஐஸ் மாதிரி கீது. உள்ள நின்னா யாரோ மூச்சு வுட்டுகினு இருக்கற மாதிரியே கீது. பேஜாரா பூட்சு சார். நீங்க வேற ஆளப் பாருங்க."

"தண்ணி குறையலைன்னா நல்லதுதானேடா சம்பத்?"

"குறையாதது நல்லதுதான் சார். ஏறாததுதான் உதைக்குது."

வைத்தீஸ்வரனுக்கும் அதுதான் உதைத்தது.

அந்த வீட்டில் சமீபத்தில் புதிதாக நடந்தது ஒன்றுதான். டல்லாஸில் வேலை பார்க்கும் மகன் ஷ்யாம்சுந்தரும் மருமகள் ப்ரியாவும் பெற்றோரை வரவழைத்து, மெக்சிகோவின் யூகதான் பகுதிக்குப் பத்து நாள் சுற்றுலா கூட்டிப்போயிருந்தார்கள். மாயா மக்களின் கோயில்களும் காடும் குளங்களும் காட்டுவதற்கு ஹசிந்தோ என்ற வழிகாட்டி கூடவே வந்தார். அவரே மாயாக்காரர், குள்ளமானவர், எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வைத்தீஸ்வரனை முதல் நாளே, பெரியவர்களை அந்த ஊரில் மரியாதையாக அழைக்கிற வழக்கப்படி, 'டான் வைத்தி' ஆக்கிவிட்டார். புனித மரம் என்று அவர் காட்டியது இலவ மரம். ஒரு வீட்டு முற்றத்தில் சோளம் அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்கு மூன்று கால் இருந்தது. வைத்தீஸ்வரனின் மனைவி சுந்தரவல்லி அந்த வீட்டுக்காரியை நகரச் சொல்லி மண்டியிட்டு அரைத்துக் காட்ட, பேருந்தில் வந்த எல்லோரும் படம் எடுத்தார்கள். வைத்தீஸ்வரன் ஒரு காகிதக் கைக்குட்டையில் ரயில் சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று வரைந்து, தமிழிலேயே குறிப்பெழுதி ஹசிந்தோவிடம் கொடுத்தார். ஹசிந்தோ பதிலுக்கு அந்த நாட்டின் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்று மணலில் வரைந்தார். அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை கல்லைக் கரைத்துக்கொண்டு கீழே போய்விடும், மேலே ஆறே கிடையாது. கூரைக்கல் இடிந்து விழுந்த இடத்தில் வட்டமான ஆழக் குளம் ஒன்று திறக்கும், ஊர் அதைச் சுற்றி உட்காரும். தன் சொந்த ஊர்க் குளத்துக்கே அவர்களைக் கூட்டிப்போனார். இறங்குவதற்கு முன் எல்லோரும் குளித்து எண்ணெய், சோப்பு, கிரீம் எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும் என்றார். தொண்ணூறு வீடுகள் குடிக்கிற தண்ணீர் அது. பொந்துகளில் நீலப் பறவைகள் உட்கார்ந்து, வால் நுனியைக் கடிகாரப் பெண்டுலம் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் அந்தப் பறவை கூடு கட்டும் என்றார் ஹசிந்தோ.

லாரி வந்துபோன ஆறாம் நாள், மார்ச் இருபத்தெட்டு மாலை ஏழு மணிக்கு, தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில், சம்ப் மூடியின் விளிம்பைச் சுற்றி முதல் தடவையாக வெயில் கசிந்தது. மூடியைத் தூக்கினால் இளங்காலை வெயில் தண்ணீருக்குள்ளிருந்து மேலே அடித்து, கார் நிறுத்துமிடத்தின் கூரையில் அலையலையாக ஆடியது. அதிர்ச்சியில் வைத்தீஸ்வரனின் கையிலிருந்த கழி நழுவி உள்ளே விழுந்தது. மூங்கில் மிதந்திருக்க வேண்டும். மிதக்கவில்லை, மூழ்கவும் இல்லை, காணாமல் போயிருந்தது. மறுநாள் காலை, சுற்றுலாவுக்காக ஷ்யாம்சுந்தர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஹசிந்தோ ஒரு படம் அனுப்பியிருந்தார். குளத்தங்கரைப் பாறையில் சாய்த்து வைத்த மூங்கில் கழி, அதில் சிவப்புப் பெயின்ட்டில் 'அடி', 'அங்குலம்'. கீழே, 'டான் வைத்தி, இந்த எழுத்தை உங்கள் கைக்குட்டையில் பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

சுந்தரவல்லி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் காய்கறி நறுக்கினாள். பிறகு வந்து நின்றாள்.

"ஏங்க, திட்டாம கேளுங்க. அந்தக் குளத்துல நான் கொஞ்சூண்டு தீர்த்தம் எடுத்துட்டு வந்தேன். ப்ரியாதான் காலி லோஷன் பாட்டிலைக் கழுவிக் குடுத்தா. காசிக்குப் போனா கங்கையை எடுத்துட்டு வந்து வீட்டுக் கிணத்துல விடறதில்லையா? நமக்குக் கிணறு எங்க இருக்கு? சம்ப்புலதான் விட்டேன்."

"எவ்வளவு?"

"பாதி பாட்டில். மீதி சாமி ஷெல்ஃப்ல இருக்கு."

வைத்தீஸ்வரன் திட்டவில்லை. பல நாள் கழித்து அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். இரண்டு பாத்திரங்களைக் குழாயால் இணைத்தால் இரண்டிலும் மட்டம் ஒன்றாக நிற்கும். ஒன்று அண்டா, ஒன்று டம்ளர் என்றால், டம்ளரில் எவ்வளவு ஊற்றினாலும் மொண்டாலும் அண்டாவில் தெரியாது. அவர் வீட்டு சம்ப் டம்ளர், ஹசிந்தோவின் குளம் அண்டா, குழாய் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. "ஆக, கசிவு இல்லை" என்று சம்பத்துக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் தவறு செய்தார். ஏப்ரலில் லாரிக்குப் பதிவு செய்தால் எட்டு நாள் ஆனது. பக்கத்து வீட்டு லோகநாயகி தெரு நலச் சங்கத்தின் செயலாளர். காலிக் குடத்தோடு வந்து நின்றவளுக்கு அண்டாவையும் டம்ளரையும் வைத்து அரை மணி நேரம் விளக்கிவிட்டு, குடத்தை நிரப்பியும் கொடுத்தார். அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து நாற்பது வீடுகளுக்கு நீலக் குழாய் ஓடியது. தெரு அந்தக் கோடையை அறியவில்லை. துவைத்த துணிகள் மொட்டைமாடிகளில் கொடி கட்டின, செம்பருத்திகள் பூத்தன. மின்சாரம் போன மாலைகளில் பிள்ளைகள் சம்ப்பைச் சுற்றி உட்கார்ந்து மெக்சிகோ வெயிலில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். நீலப் பறவை ஒன்று ஒரு மாலை உள்ளிருந்து ஈரத்தோடு வெளியே வந்து, லோகநாயகி வீட்டு டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்து வாலை ஆட்டத் தொடங்கியது. அதைப் பார்க்க வேளச்சேரியிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்தார்கள்.

நாற்பது வீடு மொண்டால் அண்டாவிலும் தெரியும். புதுக் கழியில் நாளுக்கு அரை அங்குலம் இறங்கியது. வைத்தீஸ்வரன் அதை நோட்டில் எழுதினார், யாரிடமும் சொல்லவில்லை. மே பதினைந்தாம் தேதி மட்டம் இரண்டடி பதினோரு அங்குலமாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஹசிந்தோவின் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை. ஊரின் மோட்டார்க் குழாய் குளத்துக்குள் ஒன்றரை அடி ஆழத்தில்தான் தொங்குகிறது, அதற்குக் கீழே பாறை விளிம்பு, குழாயை இறக்க வழியில்லை. ஒரு மாதத்தில் தண்ணீர் ஒன்றேகால் அடி இறங்கிவிட்டது, இன்னும் மூன்று அங்குலம் போனால் தொண்ணூறு வீட்டுக்கும் குழாயில் காற்றுதான் வரும். 'டான் வைத்தி, உங்கள் ஊரில் யாராவது குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்களா?'

மூன்று அங்குலம் என்றால் ஆறு நாள். அன்று மாலையே வைத்தீஸ்வரன் நீலக் குழாயைப் பிடுங்கி, மூடிக்குப் பூட்டுப் போட்டார். ஹசிந்தோவின் செய்தியைக் கேட்ட லோகநாயகி மதில் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"ஏண்ணா, முன்ன பின்ன பாத்திராத ஊருக்காக எங்க குழாய மூடறீங்களா? நடுக் கோடையில?"

"அவங்க தண்ணிம்மா அது."

"அது குடம் குடமா குடுக்கும்போது தெரியலையா? அப்ப அண்டா, டம்ளர்னு பாடம் எடுத்தீங்களே! இப்ப இன்னா டான், அண்டா ஓட்டையா?"

தெரு அவரை 'டான்' என்றே கூப்பிட ஆரம்பித்தது, நல்ல விதமாக அல்ல. கேட்டில் யாரோ காலிக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சுந்தரவல்லியோடு கோயிலுக்கு வருகிறவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். அவள் சாமி ஷெல்ஃபிலிருந்த மீதிப் பாதி பாட்டிலைச் சம்ப்பில் விட்டு மன்னிப்புக் கேட்டாள், வெயில் கசிவது நிற்கவில்லை. ஒரு நாள், பருப்பு வேகிற நேரத்தில், யாருக்கென்றும் இல்லாமல் சொன்னாள்: "காசிக்குப் போறவங்க ராமேஸ்வரத்து மண்ணை எடுத்துட்டுப் போய் கங்கையில கரைச்சுட்டுத்தான் தீர்த்தம் எடுப்பாங்க. நான் வெறுங்கையோட போய் வாங்கிட்டு மட்டும் வந்துட்டேன்." வைத்தீஸ்வரன், "ஒரு பிடி மண் போட்டா பதினஞ்சு அங்குலம் ஏறுமா?" என்று எரிந்து விழுந்தார். அவருக்குத் தூக்கம் போயிருந்தது. நாற்பது முறை மாடி ஏறி இறங்குவார், நோட்டைத் திறந்து மூடுவார். மட்டம் இறங்கவில்லைதான். ஆனால் இறங்கிய பதினைந்து அங்குலத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஜூன் முதல் அங்கே மழை பெய்தது. அக்டோபரில் ஒன்பது அங்குலம் ஏறியிருந்தது. இனி ஏழு மாதம் அங்கே வறட்சி, ஆறு அங்குலம் குறைவாகவே ஊர் அதற்குள் நுழைகிறது என்று ஹசிந்தோ எழுதியிருந்தார். பறவை மட்டும் டிஷ் ஆன்டெனாவிலிருந்து போகவில்லை.

நவம்பர் நான்காம் தேதி ஏழாவது தெருவில் வழக்கம்போல முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. லோகநாயகி வீட்டுக்குள் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வைத்தீஸ்வரன் குடையோடு நின்று தன் வீட்டு மழைநீர்க் குழாயைப் பார்த்தார். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்குவதற்காகப் பதினாறு வருடம் முன்பு வைத்த குழாய் அது. மொட்டைமாடியிலிருந்து இறங்கி, தரைக்கு ஓர் அடி மேலே, மதிலைப் பார்த்து நின்றுவிட்டது. தெருவில் நாற்பது வீட்டிலும் அப்படித்தான். நாற்பது மாடித் தண்ணீரும் மதிலில் அடித்துத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் சிக்னலில் இருந்தவருக்கு அது தப்பான பக்கம் திரும்பி நிற்கிற தண்டவாளமாகத் தெரிந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு பக்கமிருந்தும் ரயில் போகலாம், ஒரே நேரத்தில்தான் போகக்கூடாது. அதற்கு ஒரு சாவி உண்டு. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே வழி. இந்தப் பக்கம் வந்த வண்டி திரும்பிப் போவதற்கும் அதே தண்டவாளம்தான்.

"வல்லி, நீ சொன்னது சரி" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அவளுக்கு எது என்று புரியவில்லை.

சம்பத் இடுப்பளவு நனைந்து நின்று குழாயை வெட்டி, வளைவு போட்டு, சம்ப்புக்குத் திருப்பினான். நடுவில் ஒரு டிரம்மில் கூழாங்கல், அதன்மேல் கரி, அதன்மேல் மணல். சுந்தரவல்லி மொட்டைமாடியை மூன்று முறை பெருக்கிக் கழுவச் சொன்னாள், முதல் மழையை வெளியே விட்டுவிட்டு இரண்டாவது மழையைத்தான் உள்ளே விட வேண்டும் என்றாள். "அங்க நம்மளையே குளிச்சுட்டுத்தானே இறங்கச் சொன்னாங்க?" மூடியைத் திறந்தார்கள். ஒரு மணி நேரம் மழை சம்ப்புக்குள் கொட்டியது. சம்ப் நிரம்பவில்லை. லோகநாயகி ஃபிரிட்ஜை விட்டுவிட்டு மதிலுக்கு வந்தாள்.

"எவ்வளவு போனாலும் வாங்கிக்குதாண்ணா?"

"வாங்கிக்கும்மா. அதுக்குத்தான் அண்டா."

"அப்ப எங்க மாடிக் குழாயயும் திருப்புங்க. என் வூட்டுக்குள்ள மீன் வர்றதுக்கு முன்னாடி."

ஒரு வாரத்தில் நாற்பது மாடியும் திருப்பப்பட்டன. டிசம்பர் பத்தாம் தேதி கழி நாலடி இரண்டு அங்குலம் காட்டியது. அதற்குமேல் ஊற்றியதெல்லாம் பாறைக் குகைகளுக்குள் போய்ச் சேமிப்பாகிறது என்று ஹசிந்தோ எழுதினார். குளத்துத் தண்ணீரில் லேசாகக் கரி வாசனை, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்றும் எழுதினார். குழாய்களைத் திருப்பிய பிறகு அந்த வருடம் ஏழாவது தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. பறவைக்கு ஜோடி ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டும் வடிகட்டி டிரம்முக்குப் பக்கத்து மதில் ஓட்டையில் கூடு கட்டின, கேமராக்காரர்கள் இப்போது வருவதில்லை.

வைத்தீஸ்வரன் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். சம்ப்புக்கு மேலே சுவரில், சிவப்புப் பெயின்ட்டில், அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை, நாம் எடுக்கலாம், நாளொன்றுக்கு வீட்டுக்கு ஆறு குடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை, மாடிக் குழாய்கள் எல்லாம் உள்ளே. ஜனவரி முதல் மே வரை இரண்டு பக்கமும் மழை இல்லை, மூடிக்குப் பூட்டு, லாரித் தண்ணீர்தான். சாவி லோகநாயகி வீட்டில்.