ரெனியின் படத்துக்குப் போட்ட மாலை

பரிமளம் செய்ததைப் பிழை என்று சொல்ல ஸ்காபரோவில் ஒரு தமிழருக்கும் வாய் வராது. சுவரில் உயரமாக, கறுப்பு வெள்ளையில், தனி ஆளாக ஒரு படம் தொங்கினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? உயிரோடு இருக்கிற மனிதனை யாராவது ஆணியடித்து மாட்டுவார்களா?

அந்தப் படம் தொங்கியது கிளென்மக்கி றோவர்ஸ் கழகத்தின் மண்டபத்தில். கிளென்மக்கி ஸ்கொட்லாந்தில் ஒரு சின்ன ஊராம். அங்கிருந்து வந்தவர்கள் ஐம்பத்தேழாம் ஆண்டு கனடாவின் ஸ்காபரோவில் தொடங்கிய காற்பந்துக் கழகம் அது. காலம் போக அவர்களுக்கு முழங்கால் போனது, பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிக்குப் போனார்கள், கடைசியில் ஒரு அணிக்கே ஆள் சேரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பரிமளத்தின் புருசன் தங்கத்துரை கூட்டாளிகளோடு போய் நின்றார். இப்போது, தொண்ணூற்றேழில், கோல் காப்பவரிலிருந்து தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவர் வரை எல்லாரும் தமிழர். எஞ்சியிருந்த ஆறு ஸ்கொட்லாந்துக் கிழவர்கள் கரையில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு தோல்வியையும் ரசித்துப் பார்த்தார்கள்.

வினை நாற்பதாம் ஆண்டு விழாவோடு வந்தது. அன்றைக்கே கழகத்தை மூடுவதா விடுவதா என்று கிழவர்கள் முடிவெடுப்பார்களாம். மூடினால் மைதானமும் போய்விடும். தங்கத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. பரிமளத்துக்கும் பயம்தான். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து கிழமை முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஃபக்டரிக்குப் போய் வருகிற மனுசன், சனிக்கிழமை மைதானத்தால் வரும்போது மட்டும்தான் சிரித்துக்கொண்டு வருவார், அதுவும் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு. அந்தச் சிரிப்பும் போய்விட்டால் இந்த மனுசனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

"எங்கட முறையில ஒரு மரியாதை செய்து காட்டுவம். கிழவங்கள் உருகிப் போவாங்கள்," என்றார் தங்கத்துரை.

விழா ஞாயிற்றுக்கிழமை. கழகத்தைத் தொடங்கிய டூகல் ரெனியின் படத்தைப் பரிமளம் இறக்கித் துடைத்தாள். மேசையில் வெள்ளை விரித்து, படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, குத்துவிளக்கும் ஏற்றினாள். ஸ்காபரோவில் யார் செத்தாலும் அஞ்சலி உரை எழுதுகிற சச்சிதானந்தன் மாஸ்ரர் வழக்கம்போல இரண்டு மொழியிலும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கிழவர்கள் ஆறு பேரும் வந்து, பூவை மணந்து பார்த்து, நல்ல வடிவு என்றார்கள். ஒருவராவது உண்மையைச் சொல்லக் கூடாதா?

மாஸ்ரர் தொண்டையைச் செருமிய நேரம் கதவு திறந்தது. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஒரு நெடுத்த கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். பரிமளம் முதலில் பாவாடையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். அதே மூக்கு.

"ஐயோ, இஞ்சாருங்கோ," என்று புருசனின் கையைப் பிடித்தாள். "செத்தவர் வந்திட்டார்."

தங்கத்துரையின் முகத்தில் ஈயாடவில்லை. ரெனி றிச்மண்ட் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாராம். தங்கத்துரை அழைத்திருப்பார் என்று கிழவர்கள் இருந்துவிட்டார்கள். செத்தவருக்கு யார் அழைப்பு வைப்பார் என்று தங்கத்துரை இருந்துவிட்டார். பத்திரிகையில் விழா விளம்பரம் பார்த்து, டக்சி பிடித்து, தானாகவே வந்திருந்தார் ரெனி. போதாக்குறைக்குக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவரும் அவர்தான். அவர் சொன்னால் மற்ற ஆறு பேருக்கும் மறுபேச்சில்லை. அப்படிப்பட்டவர் தன் படத்துக்கு முன்னால் நின்று, பூவைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

"பெரிய ஆக்களுக்குச் செய்யிற மரியாதை எண்டு சொல்லுங்கோ மாஸ்ரர்," என்று தங்கத்துரை கெஞ்சினார்.

பரிமளத்துக்குப் பொய்யே வராது என்றில்லை. ஆனால் எரிகிற விளக்குக்கு முன்னால் அவளுக்கு நா எழவில்லை. தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் போட்டுடைத்தாள். உங்களைச் செத்தவர் என்று நினைத்துவிட்டோம், செத்தவருக்குத்தான் மாலையும் விளக்கும், குறை நினையாதீர்கள் என்றாள்.

ரெனி திரும்பி ஆறு கிழவர்களையும் பார்த்தார்.

"நான் இல்லத்துக்குப் போய் இத்தனை வருசம். இருக்கிறேனா செத்தேனா என்று உங்களில் ஒருத்தனாவது ரெலிபோன் எடுத்துக் கேட்டானா? இந்த அம்மா விளக்காவது ஏற்றியிருக்கிறாள்."

கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரெனி முன்வரிசையில் போய் இருந்து, எழுதியதை வாசியுங்கள் என்றார்.

மாஸ்ரருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. அவருடைய உரையைச் சம்பந்தப்பட்டவர் இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"அன்னார் அடித்த கோல்கள் எண்ணிலடங்கா..."

"ஒன்று," என்றார் ரெனி. "அதுவும் எங்கள் வலைக்குள்."

"கழகத்தை வெற்றிப் பாதையில் இட்டுச் சென்ற..."

"முதல் வருசம் எல்லாம் தோல்வி. அடுத்த வருசம் ஒன்று வென்றோம். எதிரணியின் பஸ் வழியில் பழுதாகிவிட்டது."

"தாயகத்தில் புகழ்பூத்த கிளென்மக்கிக் கழகத்தின் பெயரை..."

"புகழா?" ரெனி பொல்லால் தரையில் தட்டினார். "ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு, அதுதான் மைதானம். பாதி ஆட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு இறக்கம் வரும். அதற்குள் எட்டுக் கோல் வாங்கிவிடுவோம். ஆனாலும் ஒரு கிழமை தவறாமல் விளையாடினோம். மற்ற நாள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டவனுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று வேண்டாமா?"

தங்கத்துரை வாய்விட்டுச் சிரித்தார். சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் அந்தச் சிரிப்பைக் கேட்ட பரிமளத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப கிளப்பை மூடப் போறியளோ?" என்று அவள் கேட்டதை மாஸ்ரர் மொழிபெயர்த்தார்.

"நேற்று ஆட்டத்தில் என்ன முடிவு?" என்றார் ரெனி.

"ஆறுக்குப் பூச்சியம்," என்றார் தங்கத்துரை, தலையைச் சொறிந்துகொண்டு. "அவையளுக்கு ஆறு."

"அப்படியென்றால் இது எங்கள் கழகமேதான். இதை ஏன் மூட வேண்டும்?"

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கத்துரை றிச்மண்ட் ஹில்லுக்குப் போய் அவரை ஏற்றிவந்தார். பரிமளம் பொரித்துக் கொடுத்த றோல்சைச் சாப்பிட்டுக்கொண்டே, இன்றைக்கு எனக்கு விளக்கு இல்லையா என்று அவளைச் சீண்டாமல் ரெனி போனதில்லை.

தொண்ணூற்றொன்பதில் அவர் உண்மையாகவே போய்ச் சேர்ந்தார். மாஸ்ரர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பழைய உரையையே, இடையில் ரெனி சொன்னதையும் சேர்த்து வாசிப்பதென்று வைத்திருந்தார். பரிமளம் படத்தை இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கை ஏற்றினாள். பிறகு திரும்பிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா பாக்கிறாய்?" என்று கேட்டார் தங்கத்துரை.

"போனமுறை இந்த நேரத்துக்கு வந்திட்டாரெல்லோ," என்றாள் பரிமளம்.