பூச்சில் கலப்படம் கூடாது

சிவப்புமை சார் வீட்டுக் கிழக்குச் சுவரின் பூச்சு மூன்றாவது முறையாகக் கழன்று, விழுந்து உடையாமல், துவைத்த போர்வை மாதிரி நாலாக மடிந்து வாசலில் உட்கார்ந்தபோது காலை எட்டே கால் மணி. பால்காரர் சைக்கிளைச் சற்று ஒடித்து அதைச் சுற்றிக்கொண்டு போனார். முதல் தடவை தெருவே திரண்டு வந்து பார்த்தது உண்மைதான். மூன்றாவது தடவைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? முதல் மடிப்பை எதிர்வீட்டு ஓட்டுநர் கேட்டு வாங்கி, வண்டி கழுவுகிற இடத்தில் விரித்துப் போட்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, வழுக்காத நல்ல தளம். இரண்டாவது மடிப்பு யாருக்கும் வேண்டாமல் காம்பவுண்டு ஓரமாகவே கிடந்தது.

சார் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால்கூட முதலில் சட்டைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவைத்தான் எடுப்பார். பெயர் அப்படி வந்தது. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஒரே மகள் வெளியூரில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள் என்பது அந்த வீட்டில் புழங்கிய செய்தி. அவள் படிப்பை விட்டுப் பதினாலு மாதம் ஆகி, அதே ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள் என்பது நடப்பு. அம்மாவுக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தாள். படிப்பை விட்டால் இந்த வாசல்படி ஏறாதே என்று அப்பா ஒருமுறை கோபத்தில் சொல்லிவிட்டதால் அவள் பதினாலு மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. வெறும் செங்கலாக நின்ற அந்தச் சுவர் அவளுடைய அறைச் சுவர். ஓதம் ஏறி மெத்தை பூஞ்சை பிடித்திருந்தது, மழைக்காலமும் நெருங்கிவிட்டது. என்றைக்காவது மகள் வருவாள், வந்தால் படுக்க ஓர் உலர்ந்த அறை வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் கான்ட்ராக்டர் மணலில் உப்பு என்றார். இரண்டாமவர் செங்கலைக் குறை சொன்னார். மூன்றாமவர் கெட்டிக்காரர், கம்பிவலை அடித்து அதன்மேல் பூசினார். பூச்சு வலையோடு சேர்ந்தே மடிந்தது. நாலாவதாக, மருந்துக்கடையின் கூரையைச் சரிசெய்த பெண் கான்ட்ராக்டரை அம்மா அழைத்து வந்தார். எதைப் பார்த்தாலும் கொத்துக்கரணைக் காம்பால் தட்டிப் பார்ப்பதால் அவரை ஊரில் டொக்கு மேஸ்திரி என்பார்கள். மேஸ்திரி சுவரை முழம் முழமாகத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், வீட்டுக்குள் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்து மறுபடியும் தட்டினார். “மணல்லயும் குத்தமில்ல, செங்கல்லயும் குத்தமில்ல. நிபந்தனை எழுதித் தர்றேன். ரெண்டு பேரும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

நிபந்தனை நாலு. மிச்சமிருக்கிற பழைய பூச்சை முழுக்கக் கொத்திவிட வேண்டும், மணலை இரண்டு தடவை சலிக்க வேண்டும், தினம் மூன்று வேளை தண்ணீர் விட வேண்டும் என்று போய், நாலாவதில் ‘இருபத்தொரு நாளும் பேச்சில் கலப்படம் கூடாது’ என்றிருந்தது. சாருக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. பேனாவை எடுத்துப் ‘பேச்சில்’ என்பதைப் ‘பூச்சில்’ என்று திருத்தினார். தன் சிமெண்டில் கலப்படம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிற கான்ட்ராக்டரை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. பரம திருப்தியோடு கையெழுத்துப் போட்டார், மனைவியையும் போடச் சொன்னார்.

எட்டு நாள் பூச்சு ஜம்மென்று நின்றது. வீட்டில் இருவருக்கும் தொண்டைக் கட்டு, அதனால் பேச்சே குறைவு. ஒன்பதாம் நாள் தொண்டை சரியாயிற்று. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓட்டுநர் மனைவி, பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்க, பரீட்சைக்கு ராப்பகலாகப் படிக்கிறாள் என்று அம்மா சொன்னார். பூச்சின் மேல் மூலை லேசாக நிமிர்ந்தது. உள்ளேயிருந்து வந்த சார், பரீட்சை எந்தத் தேதி என்று கேட்டார். அம்மா ஒரு தேதியும் சொன்னார். மேல்பாதி மொத்தமும் கழன்று மடிந்து வந்து இருவர் காலடியிலும் உட்கார்ந்தது.

மேஸ்திரி வந்து சுவரைப் பார்க்காமல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “இந்தப் ‘பே’யில யாரு கைவச்சது?”

“நான்தான். எழுத்துப்பிழை இருந்துச்சு” என்றார் சார், கொஞ்சம் பெருமையாகவே.

“பிழையா? இருபது வருசமா எல்லா வீட்டுக்கும் அதே வார்த்தையத்தான் சார் எழுதறேன். நீங்க பேச்சுல பூசி மெழுகிட்டே இருந்தா சுவத்துல எப்படி நிக்கும்? கீழ்ப்பாதி இன்னும் பிடிச்சிட்டிருக்கு. அதுவும் வர்றதுக்குள்ள சொல்ல வேண்டியத சொல்லி முடிங்க. நான் அந்தப் பக்கமா போய்க் கலவை போடறேன்.”

அம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். “அவ படிக்கலைங்க. விட்டுட்டா. ரொட்டிக்கடையில வேலை பாக்கறா. உங்களுக்குப் பயந்துதான் வீட்டுக்கு வராம இருக்கா.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும். காலேஜ்ல இருந்து அச்சகத்துக்குக் கடிதம் போட்டிருந்தாங்க. பதிமூணு மாசம் ஆச்சு.”

“அட மனுஷா! தெரிஞ்சுக்கிட்டேவா என்கிட்ட பரீட்சை தேதி கேட்டீங்க?”

“நீயும் தேதி சொன்னியே!”

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சார் மட்டும் சிரிக்கவில்லை. “ஏறாதேன்னு சொன்னது தப்பு. சொன்ன மறுநாளே தெரிஞ்சிடுச்சு. அத எப்படித் திருத்தறதுன்னுதான் தெரியல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரார் பிழையை எல்லாம் திருத்தியவருக்கு இந்த ஒன்று பதினாலு மாதமாகத் தொண்டையில் நின்றிருக்கிறது, பாவம். காலடியில் கிடந்த பூச்சு அப்போது ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து, சுவரேறி, இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. காம்பவுண்டு ஓரத்து மடிப்பும் லேசாக அசைந்ததைப் பார்த்த ஓட்டுநர், ஓடிப்போய்த் தன் தளத்தின்மேல் ஏறி நின்றுகொண்டார். மேஸ்திரி மட்டப்பலகையால் இணைப்பை மட்டும் தேய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார்.

அன்றைக்கே சார் மகளுக்குப் போன் செய்தார். நான் சொன்னது தப்பு, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு, வேறென்ன சொல்வது என்று தெரியாமல் போனை மனைவியிடம் கொடுத்தார். மூன்று வேளையும் அவரே தண்ணீர் விட்டார். அந்த நாட்களில் அந்த வீட்டில் குழம்பு உப்பாக இருந்தால் உப்பு என்றே சொன்னார்கள்; இரண்டு சண்டை வந்தது, இரண்டும் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது. அறையின் ஓதம் வற்றியது. அம்மா புது மெத்தை வாங்கிப் போட்டார்.

இருபத்தோராம் நாள் மத்தியானம் மகள் வந்தாள். கேட்டைத் திறந்தவள் உள்ளே வராமல் சுவரோரமாகவே நின்றாள். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். வா என்று சொல்ல வாயெடுத்த அப்பா, அந்தத் தழும்புகளைப் பார்த்ததும் வேறு கேட்டுவிட்டார்.

“அங்க சந்தோஷமா இருக்கியாம்மா?”

“விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்பா. முதுகு ஒடியுது. ஆனா சந்தோஷமா இருக்கேன்.”

அப்பாவும் அம்மாவும் சட்டென்று தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். கீழிருந்து மேல்வரைக்கும், நாலு மூலையும், நன்றாகப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மணல்கூட உதிரவில்லை.

“அப்பாடா!” என்று அம்மா மகளின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.