திருப்பிப் போட்ட டயர்

சவுரியப்பன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. பஞ்சர் என்றால் ரோட்டிலிருந்தே "சுபான் பாய், வேலை கொண்டாந்திருக்கேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவன். அன்றைக்குச் சத்தமே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முன்பக்க இடது டயரை விரலால் தொட்டுக் காட்டினான். டயரின் பக்கவாட்டில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

"முந்தாநேத்து வத்தல்மலை அடிவாரத்துல ஒரு கல்லு மேல ஏறி எறங்குச்சு பாய். இன்னிக்கு வண்டி கழுவறப்பதான் கைக்குத் தட்டுப்பட்டுது."

தருமபுரியில் பதினெட்டு வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்வேன். உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிட்டால்தான் டயர் இப்படிப் புடைக்கும். அதற்குப் பிறகு காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ரப்பர் தோல்தான்.

"சவுரி, இத ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. எங்க நிக்குதோ அங்கியே நிறுத்தி வேற டயர் மாட்டறதுதான். ஸ்டெப்னிய எடு."

"ஸ்டெப்னி மாதேஸ்வரங்கிட்ட இருக்குது. பெங்களூர் போயிருக்கான்."

எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் அது ஒரு வழக்கம். ஏழு கார்களுக்கு உருப்படியான ஸ்டெப்னி மூன்றுதான். தூரத்துச் சவாரி யாருக்கோ அவர் எடுத்துக்கொண்டு போவார். மற்றவர்கள் அன்றைக்கு ஆண்டவனை நம்பி ஓட்ட வேண்டியதுதான். சவுரியப்பனுக்கு அன்று உள்ளூர்ச் சவாரி என்றுதான் கணக்கு. விடிந்ததும் ஜானகி டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்குத் தீர்த்தமலையில் மொட்டை. பேசியிருந்த வண்டி வரவில்லை. பத்தரைக்குள் முடி இறக்க வேண்டும்.

"உள்பக்கமா திருப்பிப் போட்டுக் குடு பாய். நீ போடாததா?"

போட்டிருக்கிறேன், பொய் சொல்வானேன். புடைப்பைப் பார்த்தால் சவாரிக்காரர்கள் ஏற மாட்டார்கள். அதனால் டயரைக் கழற்றி, புடைத்த பக்கம் காருக்கு அடியில் பார்க்கிற மாதிரி மாட்டிக் கொடுப்பேன். காற்றையும் கொஞ்சம் இறக்கிவிட்டால் புடைப்பு அடங்கினாற்போல இருக்கும். இருபது தடவையாவது செய்திருப்பேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுவே ஒரு வைத்தியம் போல ஆகிவிட்டது எங்களுக்கு.

அந்த நேரத்தில் என் கடைச் சுவரில் அம்பாஸடர் சக்கரம் ஒன்று டயரோடு முழுசாகச் சாய்ந்திருந்தது. ஒரு டாக்டருடையது. மத்தியானம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தார். சவுரியப்பனுடைய காரும் அம்பாஸடர்தான். அவன் அதைப் பார்த்தான். நான் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன். "அடுத்தவங்க பொருளு, அமானிதம்ப்பா. தொடக்கூடாது." அப்போது எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

டயரைத் திருப்பினேன். முன்னால் வேண்டாம், வெடித்தால் ஸ்டியரிங் இழுக்கும் என்று பின்பக்கம் இடது சக்கரமாக மாட்டினேன். ஆறு பவுண்டு காற்றை இறக்கினேன்.

போல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது டீச்சரே நடந்து வந்துவிட்டார். இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் குடை. பின்னால் அவர் தங்கை காவேரி, டீச்சரின் கணவர், மாமனார், மாமியார், பொங்கல் வைக்கிற பித்தளைப் பானை, அரிசி, விறகுக் கட்டு. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கடைக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். டீச்சர் காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் குடை நுனியால் தட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற அதே முகம். என் மகள் குல்ஷன் அவரிடம்தான் ஐந்தாவது படிக்கிறாள்.

"பாய், எனக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க. நல்லாருக்குங்களா?"

சவுரியப்பன் என்னைப் பார்க்காமல் டிக்கியைத் திறந்து விறகை வைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்குதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தார். அவன் தலையில் அத்தனை முடி. சாமிக்கு என்று ஒரு வருஷம் வளர்த்த முடி, நெற்றியில் விழாமல் ரிப்பன் கட்டியிருந்தார்கள். முன்னால் கணவரும் மாமனாரும், பின்னால் பெண்கள் மூன்று பேரும். நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு கார் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்பக்கம் பாரத்தில் நன்றாகத் தணிந்திருந்தது.

அந்தத் தணிவுதான் என்னை உட்கார விடவில்லை. முன்பெல்லாம் நான் திருப்பிப் போட்டது ஓரிரண்டு பேர் போகிற சவாரிக்கு. இதில் பின்னால் மூன்று பேர், குழந்தை, டிக்கி நிறையச் சாமான். கார் தணிய, பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் இடைவெளி குறையும். புடைப்பு போய்ப் பட்டையில் உரசும். காற்று வேறு குறைவு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அரை மணி நேரம் ஓடினால் டயர் கொதித்துவிடும். நானே இறக்கிய காற்று. நானே காட்டிக் கொடுத்த வழி.

சுவரில் டாக்டரின் சக்கரம் அப்படியே சாய்ந்திருந்தது. ஒரு சக்கரம் அமானிதமாகப் பட்டது எனக்கு, ஏழு உயிர் படவில்லை. இப்படியும் ஒருவன் ஐந்து வேளை தொழுகிறானே என்று என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு, சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அரூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "பாய், மேல போடுங்க" என்றார் கண்டக்டர். நான் மாட்டேன் என்று சொல்லிப் படிக்கட்டுப் பக்கமே சக்கரத்தை மடியில் அணைத்து உட்கார்ந்தேன். மொரப்பூர் ரயில்வே கேட்டை அடிக்கடி மூடுவார்கள். அங்கே கார் மாட்டியிருந்தால் பிடித்துவிடலாம். வழியெல்லாம் அதையே துஆவாகக் கேட்டேன், யா அல்லா, ஒரு கூட்ஸ் வண்டியை அனுப்பு, மெதுவாகப் போகிற கூட்ஸ்.

அனுப்பித்தான் இருந்தான். கேட்டுக்கு அருகே பஸ் நின்றபோது ஒரு பூக்காரியிடம் விசாரித்தேன். "வெள்ளக் காருங்களா? ரொம்ப நேரம் கேட்டுல நின்னுச்சுங்க. அந்தக் கொழந்தைக்கு நாந்தான் பூ குடுத்தேன். இப்பத்தான் போனாங்க" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று மைல் இருக்கும். பஸ் நின்றது. முன்னால் இரண்டு லாரி, ஒரு மாட்டு வண்டி, ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் சக்கரத்தோடு குதித்தேன். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கைக்கு ஒரு நினைப்பு.

கார் ரோட்டோரப் புளியமரத்தில் பக்கவாட்டில் மோதி நின்றது. பின்பக்க இடது சக்கரத்தில் இரும்பு மட்டும்தான் இருந்தது, டயர் நாராகக் கிழிந்து தொங்கியது. டீச்சரின் கணவரையும் பெரியவர்கள் இரண்டு பேரையும் அப்போதுதான் ஒரு லாரியில் ஏற்றி அரூருக்கு அனுப்பியிருந்தார்கள். சவுரியப்பன் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு, "திடீர்னு வெடிச்சிடுச்சுங்க, திடீர்னுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைக் காரின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மரத்தடியில் காவேரியைக் கிடத்தி, அம்மனுக்கு வாங்கிய மஞ்சள் சேலையை முகமும் மறையப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் டீச்சர். மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்குக் காயமில்லை. ரிப்பன் அவிழ்ந்து, முடியெல்லாம் செம்மண் அப்பிக் கிடந்தது.

டீச்சர் நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. ஆதரவுக்கு ஊர்க்காரன் ஒருவன் வந்துவிட்டான் என்று அவர் உதடு துடித்தது. அப்புறம் அவர் பார்வை என் தோளுக்குப் போனது.

"பாய்" என்றார். "வெடிச்சுப் பத்து நிமிஷம்கூட ஆவல. நீங்க எப்பிடி டயரோட வந்தீங்க?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. சக்கரத்தைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றியது. கை வரவில்லை. குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, காலையில் பழக்கிய ஞாபகத்தில், எனக்கு டாட்டா காட்டியது.